பதர் எங்கே, மூர்த்தி?

1

கள்ளக்குறிச்சியில் என்னைப் பற்றி இரண்டு பேச்சு ஓடுவதாகக் கேள்வி. மூர்த்தி லண்டனில் இங்கிலீஷ் படம் எடுக்கிறான் என்பது ஒன்று. மூர்த்தி அங்கே பன் சுடுகிறான் என்பது இன்னொன்று. முதலாவதைக் கிளப்பிவிட்டது என் மச்சான் ஏழுமலை. இரண்டாவதைக் கிளப்பியதும் அவன்தான். ஆளைப் பார்த்துப் பேசுவான்.

இரண்டிலும் பிழை இருக்கிறது. நான் இருப்பது லண்டன் இல்லை, கிளாஸ்கோ. நம் ஊருக்கும் ஐதராபாத்துக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் லண்டனிலிருந்து வடக்கே தள்ளி. அப்புறம், பன் நான் சுடுவதில்லை. சுட்ட பன்னைத் தட்டிலிருந்து பெட்டிக்கு மாற்றுகிறேன். சுடுவதற்கு ஒரு மெஷின் இருக்கிறது. அதற்கு என்னைவிட சர்வீஸ் ஜாஸ்தி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் இந்த ஊரில் வந்து இறங்கி ஆறு வருடம் முடிந்தது. காலையில் மலர்க்கொடி கேசரி கிண்டினாள். மலர்க்கொடி என் மனைவி, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். என் விசாத் தாளில் எனக்குக் கொடுத்திருந்த பட்டம் 'சார்ந்திருப்பவர்'. எந்த அலுவலகமும் என்னை அவ்வளவு சரியாகக் கணித்ததில்லை.

"ஆறு வருசத்துல நீ என்னப்பா கத்துக்கிட்ட?" என்று மகள் யாழினி கேட்டாள். பதினைந்து வயது. கேட்டது இங்கிலீஷில், அதுவும் கிளாஸ்கோ இங்கிலீஷில். எனக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவையும் புரியவில்லை. மூன்றாம் தடவை பாவம் பார்த்துத் தமிழில் சொன்னாள். அவளுடைய தமிழ் இப்போது எங்கள் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி. விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும்.

"வெளிச்சத்தக் கொறைக்கக் கத்துக்கிட்டேன்" என்றேன்.

"சுவிட்சு கதவுக்குப் பக்கத்துலதானே இருக்கு?" என்றாள்.

அது அவ்வளவு சுலபம் இல்லை. அதைக் கற்றுக்கொண்டேனா இல்லையா என்று நேற்று மத்தியானம் ஒரு சமையலறையில் தீர்ப்பு சொல்லப்பட்டது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். ஏழுமலை சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

2

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு வீடியோ கடை இருந்ததை நிறையப் பேர் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டு அலமாரியில் நான் எடுத்த கல்யாண சிடி ஒன்று இப்போதும் கிடக்கலாம். பதினெட்டு வருடம் அதுதான் பிழைப்பு. என் தொழிலுக்கு இரண்டே விதிகள்.

முதல் விதி, முகம் பளிச்சென்று இருக்க வேண்டும். கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் போக வேண்டும் என்பதை ஐரிஸ் என்கிற வளையம் முடிவு செய்கிறது. நான் அதை வேண்டியதற்கு மேல் ஒன்றரைப் பங்கு திறந்தே வைப்பேன். ஒரு தடவை அளவாகத் திறந்து எடுத்ததற்குப் பெண்ணின் பெரியப்பா கடைக்கே வந்துவிட்டார். "இன்னா மூர்த்தி, எங்க பொண்ண அடுப்புல வாட்டி எடுத்தாப்பல காட்டியிருக்க?" அன்றிலிருந்து என் படங்களில் கறுப்பு மனிதர்களே கிடையாது. கரும்பு வெட்டுகிறவரும் கல்யாண மண்டபத்தில் ரோஸ் பவுடர் நிறத்தில் இருப்பார். புடவை ஜரிகை, பின்னால் இருக்கும் வானம், வாழை மரம், எல்லாம் வெளுத்துக் காணாமல் போகும். வாழை மரத்தின் பெரியப்பா யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

வெளிச்சம் அளவு மீறிப் போகும் இடத்தில் கேமராவின் திரையில் வரிவரியாகக் கோடு ஓடும். வரிக்குதிரையின் உடம்பு மாதிரி இருப்பதால் அதற்கு சீப்ரா என்று பெயர். அது எச்சரிக்கை. எச்சரிக்கை அசிங்கமாக இருந்ததால் நான் அதை நிறுத்தி வைத்திருந்தேன்.

இரண்டாவது விதி, ஒன்ஸ் மோர். தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு சித்தப்பா குறுக்கே வந்து நின்றால் என்ன செய்வது? "மாப்ள, கைய அப்டியே எடுத்து இன்னொருக்கா கழுத்துகிட்ட கொண்டு போங்க. மேளம், கெட்டிமேளம்! அட்சதை கையில இல்லாதவங்க சும்மா தூக்கிப் போடுங்க!" ஒரே பெண்ணுக்கு மூன்று தடவை தாலி கட்டிய மாப்பிள்ளைகள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள் என்றால் அதற்கு முழுப் பொறுப்பு நான்தான்.

3

இங்கே வந்த புதிதில் வேலை தேடித் தரும் அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். முன் அனுபவம் என்ன என்று ஓர் அம்மாள் கேட்டார். வாய்க்கு வந்த இங்கிலீஷில், பதினெட்டு வருடமாகக் கல்யாண வீடுகளில் சுட்டுக்கொண்டிருந்தேன், முகூர்த்த நாளில் இரண்டு மூன்றுகூடச் சுடுவேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். கைகளால் கேமரா பிடித்துக் காட்டிய பிறகுதான் மூச்சு விட்டார். அப்புறம் பன் கம்பெனிக்கு அனுப்பி வைத்தார்.

அங்கேதான் போன வருடம் மொராக்கைச் சந்தித்தேன். இந்த ஊர்க்காரி, பதினைந்து வருடமாக ஆவணப்படங்களுக்கு ஒளிப்பதிவு செய்கிறவள். என்னைவிட எட்டு வயது இளையவள், ஒல்லி, காலில் சேற்று பூட்ஸ். பன் கம்பெனியைப் பற்றி ஏதோ படம் எடுக்க வந்திருந்தாள். கேமராவைக் கண்டதும் எனக்கு ரத்தம் கொதித்து, பக்கத்தில் நின்ற தோழர்களை வரிசையாக நிற்கவைத்து, தொப்பியைச் சரிசெய்து, "எல்லாம் இந்தப் பக்கம் பாருங்க" என்று நிர்வாகம் செய்ய ஆரம்பித்துவிட்டேன். அவள் படம் கெட்டது. கூப்பிட்டுத் திட்டினாள். திட்டு வாங்கிக்கொண்டே, "உங்க லைட்டு ஸ்டாண்டு அந்த அடுப்புக் கண்ணாடியில தெரியுது" என்றேன். திரும்பிப் பார்த்தாள். தெரிந்தது.

"நீ யாரு?" என்றாள்.

மொராக் பேசுவது இங்கிலீஷ்தான். ஆனால் அது என் காதுக்குள் நுழையும்போதே கள்ளக்குறிச்சி பாஷையாக மாறிவிடுகிறது. அப்படிக் கேட்டால்தான் எனக்கு அர்த்தமாகிறது. அதனால் இங்கேயும் அவளை அப்படியே பேசவிடுகிறேன், மன்னிக்கவும்.

"ஞாயித்துக்கெழம வூட்டாண்ட வா. சொல்லித் தரேன். நீ பதிலுக்கு என் பெட்டியெல்லாம் தூக்கு" என்றாள்.

போனேன். சமையலறை ஜன்னலோரம் ஒரு மேஜை. மேஜையில் வெள்ளைத் துணி, அதன்மேல் வெள்ளைத் தட்டு, அதில் ஒரு வெள்ளை முட்டை. "இத எடு" என்றாள். பதினெட்டு வருட அனுபவம், ஒரு முட்டையா பெரிசு? எடுத்துக் கொடுத்தேன். பெரிய திரையில் போட்டாள். திரை முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஒரே வெள்ளை.

"முட்ட எங்க மூர்த்தி?"

நானும் தேடினேன். இல்லை.

"இருட்டுக்குள்ள போனது ஒளிஞ்சிகினு இருக்கும். அப்பறமா தேடி இழுத்தாந்துடலாம். வெளுத்துப் போனது செத்துப்போச்சு. அங்க ஒண்ணுமே பதிவாவல. டிஜிட்டல்னா அதான். மொதல்ல வெளிச்சத்தக் காப்பாத்து."

பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் முட்டை எடுத்தேன். வேலை முடிந்ததும் அவித்துப் பாதிப் பாதி சாப்பிடுவோம். பன்னிரண்டாம் ஞாயிறுதான் முட்டையின் விளிம்பில் ஒரு சாம்பல் நிழல், அதன் ஓட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள்கூடத் தெரிந்தன. மொராக் அந்த முட்டையை மட்டும் அவிக்காமல் ஆம்லெட் போட்டாள். அதுதான் பாராட்டு.

வீட்டில் மலர்க்கொடி ஒரு வருடம் கெடு வைத்தாள். "ஒரு வருசம் தரேன். அதுக்குள்ள கேமராவுல வேல கெடச்சா அது. இல்லன்னா பன் கம்பெனியில நிரந்தரம் பண்ற பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டு, நிம்மதியா பன்னோட பன்னா இரு. ரெண்டு படகுலயும் கால் வச்சிகினு நீ வூட்டுக்குள்ள நடக்கறத பாக்க முடியல."

நியாயமான பேச்சு. அவள் பேச்சில் எனக்குப் பிடிக்காத அம்சம் அந்த நியாயம்தான்.

4

கெடு முடிய இரண்டு மாதம் இருந்தபோது தை மாதத்தில் அக்கா மகள் கல்யாணம் வந்தது. மூன்று வாரம் லீவு. மொராக்கிடம் சொன்னேன். அவள் தன் பழைய கேமராவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"கோடையில தீவுங்களுக்குப் போறேன். படகுக்காரங்களப் பத்திப் படம். ரெண்டாவது கேமராவுக்கு ஆள் வேணும். காலேஜுல படிச்ச ஒருத்தன் இருக்கான். நீயும் இருக்க. உன் ஊருல போயி பன்னெண்டு நிமிஷம் எடுத்துகினு வா. ஒரே லென்ஸு. லைட்டு கூடாது. யாரையும் ஒண்ணும் செய்யச் சொல்லக் கூடாது. பன்னெண்டு நிமிஷமும் தேறுச்சுன்னா, எடம் உனக்கு."

எதை எடுப்பது என்று எனக்கு உடனே தெரிந்தது. கல்வராயன் மலையில் சாமை அறுத்துப் போர் போட்டு வைத்திருப்பார்கள். தையில் அடித்துத் தூற்றுவார்கள். காற்றில் பதர் பறக்கும். ஒளிப்பதிவாளனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஊருக்கு வந்ததும் ஏழுமலை பயமுறுத்தினான். "மாமா, இது பெரிய கேமரா. மல மேல கொண்டுபோனா செக்போஸ்ட்ல புடிச்சி உக்கார வச்சிடுவான். பர்மிஷன் வாங்கிடு." நான் போன பிறகு என் கடையை நடத்துவது அவன்தான், விவரம் தெரிந்தவன் என்று நம்பி ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் சினிமா ஷூட்டிங் விண்ணப்பம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். அதற்கு வேறு விண்ணப்பம் இல்லையாம்.

"ஹீரோ யாருங்க?"

"ஹீரோலாம் இல்ல சார். சாமை தூத்தறத எடுக்கறோம்."

"ஹீரோயின்?"

"சாமைதான் சார்" என்று நான் சமத்காரமாகச் சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டே, "புதுமுகமா?" என்றார்.

ஏழுமலை தயங்காமல், "ஆமா சார், மொத படம்" என்றான். இரண்டு நாளில் முத்திரையோடு தாள் வந்தது. செக்போஸ்டில் யாரும் அதைக் கேட்கவில்லை.

5

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ். அங்கிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம். என் பழைய வாடிக்கைக்காரர், சாமை விதைக்கும் சின்னப்பொண்ணு அக்காவின் களத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் மகள் கல்யாணத்தை எடுத்தவன் நான்தான். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க சார். எம்பொண்ணு கல்யாணத்துல என்ன நல்லா செவப்பா காட்டுனீங்களே, அதே மாதிரி எடுங்க. எங்க வூட்டுக்காரரு இன்னும் அந்தப் படத்தப் பாத்துட்டு என்னப் பாக்கறாரு, என்னப் பாத்துட்டு படத்தப் பாக்கறாரு."

இரண்டு நாள் ஒழுங்காக இருந்தேன். போர் பிரித்தது, மாடு மிதித்தது, பிள்ளைகள் வைக்கோலில் விழுந்தது, எல்லாம் எடுத்தேன். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குக் காற்று வந்தது. வெயில் எதிர்ப்பக்கமிருந்து சாய்வாக அடித்தது. சின்னப்பொண்ணு அக்கா முறத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். இதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து என் பின்னால் பத்துப் பேர் கூடித் திரையை எட்டிப் பார்த்தார்கள். திரையில் வானத்தின் மேல் கோடு கோடாக சீப்ரா ஓடியது.

"இன்னா சார் கோடு கோடா ஓடுது? கேமரா ரிப்பேரா?" என்றார் ஒருவர்.

"பாரின்ல பழைய கேமராவக் குடுத்து ஏமாத்திட்டாங்க போல" என்றார் இன்னொருவர்.

எனக்கு மானம் போயிற்று. பட்டனை அழுத்தி சீப்ராவை நிறுத்தினேன். கூட்டம் "ஆங், இப்ப சுத்தமா கீது" என்றது. நான் நிமிர்ந்து நின்றேன். திரையில் அக்காவின் முகம் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தது. என் விரல்கள் என்னைக் கேட்காமலே ஐரிஸ் வளையத்துக்குப் போயின. ஒன்றரைப் பங்கு. முகம் பளிச்சென்று ஆனது. பதினெட்டு வருடப் பழக்கத்துக்கு முன்னால் பன்னிரண்டு முட்டை எந்த மூலைக்கு?

தூற்றி முடித்ததும் போட்டுப் பார்த்தேன். அக்கா ரோஸ் பவுடர் நிறத்தில் ஜொலித்தார். அவருக்குப் பின்னால் வானம் இல்லை. முறத்திலிருந்து ஏதோ விழுந்தது. அதற்கும் தரைக்கும் நடுவே வெறும் வெள்ளை. பதர் அத்தனையும் அந்த வெள்ளைக்குள் போய்ச் செத்திருந்தது.

அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? என் இரண்டாவது விதியைச் செய்தேன்.

"அக்கா, ஒன்ஸ் மோர்."

"தூத்திட்டனே சார்?"

"சும்மா ஒரே ஒரு வாட்டி. அந்தச் சாமையவே மறுபடி அள்ளித் தூத்துங்க."

சுத்தமான சாமையை அள்ளி, பாவம், எனக்காகத் தூற்றினார். சீப்ராவைப் போட்டு, ஐரிஸைக் குறைத்து, அளவாக எடுத்தேன். வானம் இருந்தது, மேகம் இருந்தது, மலை விளிம்பு இருந்தது. அருமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கி வந்தேன்.

6

ஏழுமலையின் கடையிலிருந்து, தூற்றியதை எடுத்த இரண்டு பதிவையும் மொராக்குக்கு அனுப்பினேன். மறுநாள் வீடியோ காலில் வந்தாள். சாமையை அவள் வாழ்நாளில் கண்டதில்லை.

"அந்தம்மா என்னமோ காத்துல வீசறாங்க. வீசுனா ஏதோ பறக்கணும். மொதல்ல எடுத்ததுல பறக்கல. ரெண்டாவதுலயும் பறக்கல. அது பேரு இன்னா?"

"பதர்."

"பதர் எங்க மூர்த்தி?"

நான் வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"மொதல்ல பதரு இருந்துச்சு, நீ வெளிச்சத்தக் கொட்டி அழிச்சிட்ட. ரெண்டாவதுல வெளிச்சம் சரி, பதரே இல்ல. நீ மறுபடி செய்யச் சொல்லியிருக்க. அவங்க கண்ணப் பாரு. வேலையப் பாக்கல, உன்னப் பாக்குது. போதுமா, போதுமான்னு. இன்னும் எத்தினி நாள் இருக்கு?"

"மூணு."

"சரி" என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

ஏழுமலை ஆறுதல் சொன்னான். "இதுக்கா மாமா மூஞ்சத் தொங்கப்போட்டுகினு கீற? கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம். கல்யாணப் படத்துல ரோஜாப்பூ கொட்ற எஃபெக்ட் இருக்குல்ல, அதுல பூவ எடுத்துட்டு பதரப் போட்டா போச்சு. அந்தம்மாவுக்கு இன்னா தெரியும்?"

ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒன்றரை நிமிடமாகக்கூட இருக்கலாம். பூவை எடுத்துவிட்டு ஒரு பதர் வைத்தும் பார்த்தான். சின்னப்பொண்ணு அக்காவின் தலைமேல் பதர்கள் இதய வடிவத்தில் சுற்றி வந்தன. கம்ப்யூட்டரை அணைத்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் மட்டும் மலை ஏறினேன். களம் காலியாக இருந்தது. தூற்றல் எல்லாம் முடிந்துவிட்டது. இனி அடுத்த வருடம்தான். சின்னப்பொண்ணு அக்கா சாமை மூட்டையோடு ஜீப்புக்காக நின்றிருந்தார், வெள்ளிமலை மில்லில் உமி நீக்க.

"இன்னா சார், சுத்தமான சாமைய இன்னொருக்கா தூத்தணுமா? எங்க ஊரே அதச் சொல்லி சிரிச்சிகினு கெடக்குது."

"இல்லக்கா. நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் கூட வரேன். ஒண்ணுமே கேக்க மாட்டேன்."

"நீங்களா? கேக்காம இருப்பீங்களா? பாக்கலாம், பாக்கலாம்."

மில் என்பது தகரக் கூரை போட்ட ஓர் அறை. உள்ளே மையிருட்டு, ஒரே ஒரு வாசல். வாசலில் பத்து மணி வெயில். மெஷின் பட்டை தடதடவென்று ஓட, உமி கிளம்பி அறை முழுக்க மிதந்தது. அக்கா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாமை விழும் வாய்க்குப் பக்கத்தில் குந்தினார். நான் சுவரோடு ஒட்டி நின்று சீப்ராவைப் போட்டேன். வாசல் முழுக்கக் கோடு. ஐரிஸை மூடினேன். கோடு குறைந்தது. இன்னும் மூடினேன். அக்காவின் முகம் இருட்டுக்குள் போனது. என் விரல்கள் கெஞ்சின, சத்தியமாகக் கெஞ்சின. இன்னும் கொஞ்சம் மூடினேன். கோடு அத்தனையும் போய், வாசலிலிருந்து சாய்ந்து விழுந்த வெயிலுக்குள் உமி ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுழல்வது தெரிந்தது. அக்காவில் தெரிந்தது கன்னத்தின் ஓரமும் மூக்குத்தியும் மட்டும்.

"கேமராக்காரரே, லைட்டு போடட்டா? மூஞ்சே தெரியாதே!" என்று மில்காரர் சுவிட்சுப் பக்கம் போனார்.

"அண்ணே, வேணாம்!" என்று மெஷினுக்கு மேலே கத்தினேன். அவர் பயந்து நின்றார்.

அக்கா ஒரு பிடி சாமையை உள்ளங்கையில் அள்ளி ஊதினார். ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்தார். மில்காரரிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். ஊதிய உமி வெயிலுக்குள் எழுந்து மெதுவாகத் திரும்பியது. அப்போது ஓர் ஆள் மூட்டையைக் கொண்டுவந்து சரியாகக் கேமராவுக்கு முன்னால் வைத்தார். 'அண்ணே, கொஞ்சம் தள்ளி' என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. பல்லால் நாக்கைப் பிடித்துக்கொண்டேன். படம் அங்கே முடிந்தது. ஒன்றரை நிமிடம்.

வெளியே வந்து அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"நான் எங்க சார்?"

"இந்த ஓரத்துலக்கா. இதோ."

ரொம்ப நேரம் பார்த்தார். "கறுப்பா இருக்கேன்" என்றார்.

"ஆமாக்கா."

மறுபடி போடச் சொன்னார். "உமி நல்லா தெரியுது. உள்ள அப்டிதான் சார் இருக்கும், மூக்குக்குள்ளலாம் பூந்துக்கும்" என்று சொல்லும்போதே தும்மினார். கிளம்பும்போது விரலை நீட்டி எச்சரித்தார். "சின்னவ கல்யாணத்துக்கு செவப்பாதான் எடுக்கணும். இதெல்லாம் அங்க வேணாம்."

7

கிளாஸ்கோ திரும்பி, எடுத்ததையெல்லாம் பன்னிரண்டு நிமிடத்துக்கு வெட்டிச் சுருக்கிக் கொடுத்தேன். நேற்று மத்தியானம் மொராக் தன் சமையலறைத் திரையில் பன்னிரண்டு நிமிடத்தையும் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பத்தரை நிமிடம் அவள் முகம் அசையவே இல்லை. மில் வந்ததும் நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். நான் கத்தியது கேட்டபோது, "அது யாரு?" என்றாள். "நான்தான்" என்றேன். "இன்னா சொன்ன?" "லைட்டு வேணாம்னு." முதல் தடவையாகச் சிரித்தாள். முடிந்ததும் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

"மொத பத்தரை நிமிஷம் நல்ல கல்யாண வீடியோ மூர்த்தி. கல்யாணம்தான் இல்ல. கடைசி ஒன்றரை நிமிஷம் சினிமா. ரெண்டாவது கேமராவுக்குப் பன்னெண்டும் வேணும். அந்த எடம் காலேஜ் ஆளுக்கு."

நான் தலையாட்டினேன்.

"தீவுல எனக்கு அசிஸ்டென்ட் வேணும். பெட்டி தூக்கணும், லென்ஸு தொடைக்கணும், நான் சொல்ற தூரத்துக்கு போகஸ் இழுக்கணும், கேமராவத் தொடக் கூடாது. பத்து வாரம். அப்பறம் இன்னான்னு தெரியாது. வரியா?"

வீட்டுக்கு வந்தபோது மலர்க்கொடி டியூட்டி உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பன் கம்பெனிப் பேப்பர் ஃபிரிட்ஜின் மேல் காந்தத்தில் தொங்கியது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

"கெடச்சிதா?" என்றாள்.

"ரெண்டாவது கேமரா கெடைக்கல. அசிஸ்டென்ட். பத்து வாரம்."

"நாப்பத்தி நாலு வயசுல அசிஸ்டென்ட்டா?"

"ஆமா."

யாழினி போனிலிருந்து தலை தூக்கினாள். "என்னதான் சொன்னாங்க?"

"பன்னெண்டுல ஒன்றரை நிமிஷம் பாஸ்."

"ஒன்றரை நிமிஷம் கத்துக்க ஒரு வருசம் ஆச்சா?" இந்தத் தடவை முதல் வாக்கியத்திலேயே தமிழ். அப்படியே மனக்கணக்கும் போட்டுவிட்டாள். "மிச்சம் பத்தரை. அப்ப இன்னும் ஏழு வருசம்பா."

"ஐம்பத்தி ஒண்ணுல முழுசா கேமராமேன் ஆயிடுவேன்" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்போது அது விளையாட்டாக இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் போடாமல், நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

"நீ இன்னா சொல்ற?" என்று மலர்க்கொடியைக் கேட்டேன்.

அவள் உடுப்பைத் திருப்பிப் போட்டு, காலரை நீவி, இஸ்திரிப்பெட்டியை அதன்மேல் நிதானமாக இழுத்தாள்.

"தீவுக்குப் போற படகு எத்தன மணிக்கு?" என்றாள்.